பாரிஸ் பக்கத்துல பழைய கோதிக் கோவில், பொக்கிஷத்தோட பாக்கணும், எங்க போலாம்?

முத்தியால்பேட்டை:
அம்மாவ கூட்டிக்கிட்டு பாரிஸ்ல சித்தி வீட்டுக்குப் போறோம். பாண்டி ஸ்டேஷன் கிட்ட இருக்கற இருதய ஆண்டவர் கோவில்ல அந்த கூர் வளைவையும் கலர் கண்ணாடியையும் பாத்தே வளந்தவங்க, அது 1907ல கட்டினது, இந்த மாதிரி கோதிக் பாணில கட்டறது மொதல்ல ஆரம்பிச்ச எடத்த பாக்கணும்கறாங்க. பழைய பூசை உடுப்பு, புனிதர் எலும்பு வைக்கற திருப்பண்டப் பேழையெல்லாம் இருந்தா இன்னும் சந்தோஷம். முட்டி வலி இருக்கு, ரொம்ப கூட்டம் வேணாம்.

வில்லியனூர்:
சான்ஸ்ங்கற (Sens) ஊருக்குப் போங்க தம்பி. ரயில்ல ஒரு மணி நேரம் சொச்சம்தான். பாரிஸ் நோத்ர்தாம் கோவில் ஆரம்பிச்சது 1163ல, சான்ஸ் கோவில் அதுக்கும் முன்னாடி 1140 வாக்குலயே ஆரம்பிச்சது, இந்த ஊர் வில்லியம்ங்கற கொத்தனாரத்தான் 1174ல தீப்பிடிச்ச கேன்டர்பரி கோவில திரும்பக் கட்ட இங்கிலாந்துக்கு கூப்பிட்டாங்க. அந்த கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட், இங்கிலாந்து ராஜாவோட சண்டையாகி பிரான்சுக்கு வந்து சான்ஸ்லதான் சில வருஷம் தங்கினாரு, திரும்பிப் போனதும் 1170 டிசம்பர்ல அவர் கோவிலுக்குள்ளயே வெட்டிக் கொன்னுட்டாங்க. அவர் பூசை உடுப்பு சான்ஸ் பொக்கிஷத்துல இருக்கு. அம்மா கண்டிப்பா பாக்கணும்.

மஞ்சக்குப்பம்:
ஆரம்பம்னா பாரிஸ ஒட்டின சாந்தெனி (Saint-Denis) கோவில்தான் சார், மெட்ரோவுலயே போயிடலாம். சூஜேங்கற மடாதிபதி 1144ல பீடப் பகுதிய கட்டி முடிச்சாரு, பிரான்ஸ் ராஜாக்கள் கல்லறை அங்கதான். ஆனா பொக்கிஷம் அங்க இல்ல, பிரெஞ்சுப் புரட்சில செதறிப்போச்சு, மிஞ்சினதுல சூஜேயோட கழுகு ஜாடி பாரிஸ் லூவ்ர் மியூசியத்துல இருக்கு, பழைய கல் ஜாடிக்கு தங்க முலாம் பூசின வெள்ளில கழுத்தும் றெக்கையும் வச்சு செஞ்சது, அவ்ளோ அழகு.

முத்தியால்பேட்டை:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. துணி எப்படிண்ணே எண்ணூறு வருஷத்துக்கு மேல நிக்குது?

வில்லியனூர்:
புனிதர்கள் எலும்ப பட்டுல சுத்தி பேழைக்குள்ள வச்சிடுவாங்க, வெளிச்சம் படாது. பைசாந்தியம்ங்கற கிழக்கு ரோமப் பேரரசு, பாரசீகப் பக்கத்துலேருந்து வந்த பட்டு, சிங்கம் பறவையெல்லாம் போட்டு நெய்தது, அப்படி நெறைய துண்டு சான்ஸ்ல இருக்கு. தங்கம் வெள்ளின்னா காசுக்காக உருக்கிடுவாங்க, பிரான்ஸ் பூரா புரட்சில அதான் நடந்துச்சு, துணிய யாரு உருக்கறது. எனக்கு தங்கப் பேழைய விட அந்த கிழிஞ்ச பட்டுதான் மனசுல நிக்குது, நெசவு தெரிஞ்சவங்க யாராவது கூட இருந்தா கூட்டிப்போங்க.

மஞ்சக்குப்பம்:
அப்ப சான்ஸ் ஒரு நாள், சாந்தெனி ஒரு அரை நாள்னு வச்சுக்கங்க சார். சான்ஸ்ல பொக்கிஷம் கோவில ஒட்டின மியூசியத்தோட சேந்தது, தொறக்கற நாள் பாத்துட்டு டிக்கெட் போடுங்க.