மைதாவுக்குப் பதில் ஓட்ஸ் மாவு: கேக் உள்ளே ஏன் பிசுபிசுக்கிறது?

ஒரு கப் மைதாவுக்கு ஒரு கப் ஓட்ஸ் மாவு என்று மாற்றினால் கேக் நடுவில் குழி விழுகிறது, உள்ளே பிசின் மாதிரி ஒட்டுகிறது. முட்டை, எண்ணெய், சர்க்கரை எல்லாம் பழைய அளவுதான். ஓட்ஸ் மாவில் பழகியவர்கள் அளவோடு எழுதுங்களேன்.

* * *

கோளாறு அந்தக் கப்பில்தான் தொடங்குகிறது. ஒரு கப் மைதா 120 கிராம் நிற்கும். மிக்ஸியில் அரைத்த ஓட்ஸ் மாவு அதே கப்பில் 90 முதல் 100 கிராம்தான் இருக்கும், அவ்வளவு லேசு. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவு குறைந்துவிட, பாலும் முட்டையும் மட்டும் முழு அளவில் விழுகின்றன. நடுப்பகுதி அமுங்காமல் என்ன செய்யும்? 120 கிராமுக்கு 120 கிராம் என்று எடை போட்டே மாற்றுங்கள். தராசு இல்லையென்றால் ஒன்றேகால் கப், தலைதட்டி.

அரைப்பதிலும் கவனம் வேண்டும். தட்டையாக நசுக்கிய ரோல்டு ஓட்ஸ்தான் இதற்குத் தோது. குறுணையாக வெட்டிய ஓட்ஸ் எவ்வளவு அரைத்தாலும் நறநறக்கும். சுவை கலந்த பாக்கெட் ஓட்ஸில் உப்போ சர்க்கரையோ சேர்ந்திருக்கும், வேண்டாம். ஈரமில்லாத ஜாரில் பாதிக்கு மேல் போடாமல் 30 விநாடி ஓட்டி, ஓரத்தை வழித்துவிட்டு இன்னொரு 30 விநாடி. பிறகு சலித்து, சல்லடையில் தங்குவதை மறுபடி அரைக்க வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் மாவு பட்டுப்போல வழுக்க வேண்டும். சின்னச் சின்னச் செதில் தட்டுப்பட்டால் அது கேக்கிலும் தட்டுப்படும். ஜார் சூட்டோடு மாவைக் கலந்தால் வெண்ணெய் இளகிவிடும், ஆறவிட்டுக் கலக்குங்கள்.

* * *

எடை சரியாக இருந்தும் பிசுபிசுத்தால் காரணம் தண்ணீர். மைதாவைப் பிடித்து நிறுத்தும் குளூட்டன் என்ற புரத வலை ஓட்ஸில் கிடையாது. அதில் இருப்பது பீட்டா குளூக்கான் என்ற கரையும் நார்ச்சத்து. தண்ணீரை மெதுவாக இழுத்துக் குழகுழப்பாக மாறுவது அதன் குணம். கலந்தவுடன் கரண்டியிலிருந்து நீர்க்க ஓடும் கலவை, 20 நிமிடம் கழித்து அதே கரண்டியிலிருந்து கட்டியாகத் தொப்பென்று விழும். ஓடுகிறதே என்று முதலிலேயே இன்னும் இரண்டு கரண்டி மாவைப் போட்டுவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. அப்படிச் செய்தால் கேக் செங்கல்தான்.

பால், முட்டை, எண்ணெய், சர்க்கரை, மாவு எல்லாம் கலந்து 20 நிமிடம் மூடி வையுங்கள். பேக்கிங் பவுடர் மட்டும் கடைசியில், அடுப்பில் வைக்கும் முன். ஊறிய பிறகு ரொம்பக் கெட்டியாகிவிட்டால் ஒரு மேசைக்கரண்டி பால் போதும்.

முழுக்க ஓட்ஸில் 6 மஃபினுக்கு நம்பிச் செய்யக்கூடிய அளவு: ஓட்ஸ் மாவு 120 கிராம், மசித்த வாழைப்பழம் 100 கிராம், முட்டை 1, பால் 60 மி.லி., எண்ணெய் 40 மி.லி., சர்க்கரை 50 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். முட்டை வேண்டாதவர்கள் ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமியும் 40 மி.லி. பாலும் கூடுதலாகச் சேர்க்கலாம், ஆனால் உப்பல் குறையும்.

முழு ஓட்ஸ் என்றால் சின்ன அச்சே மேல். பெரிய கேக்குக்குப் பாதி மைதா இருக்கட்டும்.

* * *

இன்னொன்று, அவசரமாக வெட்டக் கூடாது. குச்சி சுத்தமாக வந்தாலும் நடு வேகாமல் இருக்கலாம். வெப்பமானி இருந்தால் நடுவில் 96 டிகிரி பார்த்து எடுங்கள். அச்சில் 10 நிமிடம், பிறகு கம்பித்தட்டில் முழுதாக ஆறும்வரை. சூட்டில் வெட்டினால் கத்தியில் ஒரு பசைக்கோடு படியும். மாவுச்சத்து இறுகுமுன் கை வைத்ததன் அடையாளம் அது.

ஈஸ்ட் ரொட்டிக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. 400 கிராம் ரொட்டி மாவுக்கு 100 கிராம் ஓட்ஸ் மாவு, வழக்கத்தைவிட 20 கிராம் தண்ணீர் அதிகம். ஓட்ஸ் அதற்கு மேல் போனால் மாவு உப்பி நிற்காது.

* * *

உடல்நலத்துக்காக மாற்றுகிறவர்களுக்கு: கலோரி குறையாது. ஓட்ஸும் மைதாவும் அதில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஓட்ஸில் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். லாபம் நார்ச்சத்தில். 100 கிராம் ஓட்ஸில் சுமார் 10 கிராம், மைதாவில் 3 கிராமுக்கும் கீழே. கொலஸ்ட்ரால் குறைய நாளுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கான் வேண்டும் என்ற அளவை ஏற்று, 1997-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓட்ஸ் உணவுகளின் மேலட்டையில் இதயநோய் அபாயம் குறையலாம் என்று குறிப்பிட அனுமதித்தது. ஆனால் மேலே சொன்ன ஒரு மஃபினில் 20 கிராம் ஓட்ஸ்தான். அதில் கிடைப்பது 1 கிராமுக்கும் குறைவு. அதனால் மாவை மாற்றும்போதே சர்க்கரையையும் குறைப்பதுதான் நியாயம்.

சீலியாக் என்ற, குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய் உள்ளவர்களுக்குச் செய்தால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட பாக்கெட் மட்டுமே. வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுகிறது. சிலருக்கு ஓட்ஸின் அவெனின் புரதமே ஒத்துக்கொள்வதில்லை, மருத்துவரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

* * *

அரைத்த மாவைச் சேர்த்து வைக்கிறவர்கள் கவனிக்க: ஓட்ஸில் 100 கிராமுக்கு 6, 7 கிராம் கொழுப்பு உண்டு. அரைத்ததும் காற்றுப்பட்டுச் சிக்கு வாடை பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடுக்கும்போது ஒரு சிட்டிகை நாக்கில் போட்டுப் பாருங்கள். கசந்தால் அந்த மாவு ஆகாது.