256 சாதாரண கார்டா, 128 எண்டியூரன்ஸ் கார்டா? முழுநேர ஓட்டுநருக்கு எது சரி?

ஈசூன் ஓட்டுநர்

வணக்கம். சிங்கப்பூரில் முழுநேரமாகத் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் வண்டி சாலையில்தான். டேஷ்கேமில் (சாலையைப் பதிய வண்டியில் மாட்டும் கேமரா) படத் தெளிவு முன்னால் 4கே, பின்னால் 1080பி. காரோடு வந்த 128 ஜிபி கார்டு போன வாரத்திலிருந்து "கார்டு பிழை" என்று சொல்லிச் சொல்லி நின்றுவிடுகிறது. வேறு வாங்கியே ஆக வேண்டும். ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு கார்டு கிடைக்கின்றன. ஒன்று 256 ஜிபி சாதாரண கார்டு. யூ3, வி30, ஏ2 என்று வேகக் குறிகள் எல்லாம் அச்சடித்திருக்கிறது. மற்றது 128 ஜிபி எண்டியூரன்ஸ் கார்டு, இடைவிடாத பதிவுக்கென்றே செய்தது. எதை வாங்குவது? அப்படியே செட்டிங்கில் எதை மாற்ற வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

உபி பட்டறை

தம்பி, எண்டியூரன்ஸ். யோசிக்கவே வேண்டாம். உபி வட்டாரத்தில் டேஷ்கேம் மாட்டுவதுதான் எனக்குத் தொழில், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

கார்டின் மேல் இருக்கும் எழுத்துகளைப் பார்த்து மயங்காதீர்கள். வி30 என்றால் வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று பொருள். உங்கள் முன் கேமரா வினாடிக்கு 40 மெகாபிட், பின் கேமரா 15 மெகாபிட் பதிகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 55 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட், ஆகவே எட்டால் வகுத்தால் வினாடிக்கு 7 மெகாபைட்கூட இல்லை. கிளாஸ் 10 கார்டே 10 மெகாபைட் எழுதும். ஏ2 என்பது போனில் செயலிகளை வேகமாகத் திறப்பதற்கான குறி, டேஷ்கேமுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

உங்களுக்கு வேகம் பிரச்சினை இல்லை, தேய்மானம்தான் பிரச்சினை. 55 மெகாபிட் என்றால் மணிக்கு 25 ஜிபி. பத்து மணி நேரத்துக்கு 250 ஜிபி. கார்டு நிறைந்தால் கேமரா பழையதை அழித்து அதன்மேல் எழுதும், ஆகவே 128 ஜிபி கார்டு தினமும் இரண்டு முறை முழுதாக எழுதப்பட்டு அழிகிறது. போனில் இருக்கும் கார்டுக்கு இந்த வேலை வருடக்கணக்கில் வராது. சாம்சங் ப்ரோ எண்டியூரன்ஸ் 128 ஜிபிக்கு 70,080 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள், அதுவும் 26 மெகாபிட் கணக்கில். உங்களுக்கு அதைப் போல இரண்டு மடங்கு ஓடுகிறது, ஆகவே பாதி என்று வைத்தாலும் 33,000 மணி நேரத்துக்குக் குறையாது. சாதாரண கார்டுக்கு இப்படி ஓர் எண்ணை எவரும் எழுதிக் கொடுப்பதில்லை.

ஜூரோங் கணக்கு

அண்ணே, கணக்கு சரி. முடிவுதான் சரியில்லை.

அதே 250 ஜிபியை 256 ஜிபி கார்டில் எழுதினால் ஒவ்வொரு செல்லும் (கார்டுக்குள் தகவல் தங்கும் நுண்ணறை) நாளுக்கு ஒரு முறைதான் அழிகிறது. 128இல் இரண்டு முறை. கொள்ளளவு இரட்டித்தால் தேய்மானம் பாதி. இதற்கு எண்டியூரன்ஸ் என்ற பெயர் தேவையில்லை. அந்த 70,080 மணியையும் எட்டு வருடம் உட்கார்ந்து எவரும் எழுதிப் பார்க்கவில்லை, கணக்குப் போட்டுச் சொன்ன எண்தான் அது.

இதைவிட முக்கியமான விஷயத்தை நீங்கள் தொடவே இல்லை. 128 ஜிபியில் எத்தனை மணி நேரம் நிற்கும்? ஐந்து. காலை ஏழு மணிக்கு பீஐஇ விரைவுச்சாலையில் ஒருவர் உரசிவிட்டுப் போகிறார். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அந்தக் காட்சி கார்டில் இல்லை. கார்டு பத்து வருடம் உழைத்து என்ன பயன்?

உபி பட்டறை

அதற்குத்தான் அதிர்வை உணரும் ஜி-சென்சார் இருக்கிறதே. மோதினால் அந்தக் கோப்பைப் பூட்டிவிடும், அழியாது.

ஜூரோங் கணக்கு

மோதினால் பூட்டும். மோட்டார்சைக்கிள் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனால் பூட்டாது. பயணி கதவைத் திறந்து சைக்கிள்காரரைத் தடுமாற வைத்தால் பூட்டாது. பாதசாரி விளக்கில் பச்சை மனிதன் எரியும்போது நீங்கள் நிற்காமல் போனதாக நாளைக்கு ஒருவர் புகார் கொடுத்தால், அன்றைக்கு ஓர் அதிர்வும் இருந்திருக்காது. முழுநேர ஓட்டுநருக்கு வரும் தொல்லையில் பாதி இந்த வகைதான். இதற்கெல்லாம் பழைய மணிநேரங்கள் கார்டில் மிச்சம் இருக்க வேண்டும்.

செங்காங் ஸ்டீயரிங்

ஜி-சென்சார் பற்றி நானும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் புளோக்கின் அடுக்குமாடிக் கார்பார்க்கில் ஐந்தாவது மாடி வரை ஏறினால் வழியெல்லாம் மேடு. சென்சாரை 'உயர்' என்பதில் வைத்திருந்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு கோப்பு பூட்டப்படும். சில கேமராக்களில் பூட்டிய கோப்புகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, நிறைந்தால் அவற்றிலேயே பழையது போய்விடும். சில கேமராக்களில் அந்த வரம்பே கிடையாது. பூட்டிய கோப்புகள் ஏறிக்கொண்டே போய், சாதாரணப் பதிவுக்கு இடம் சுருங்கி, கடைசியில் "கார்டு நிறைந்தது" என்று நின்றுவிடும். 'குறைவு' என்று வைப்பதே நல்லது. சந்தேகம் வந்தால் பூட்டும் பொத்தானைக் கையால் அழுத்திக்கொள்ளலாம்.

உபி பட்டறை

அதை ஏற்றுக்கொள்கிறேன் சிஸ்டர். 'குறைவு' போதும்.

ஆனால் ஜூரோங் தம்பி, சாதாரண கார்டு எப்படிச் சாகிறது என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிழை என்று கத்திவிட்டுச் சாகும் கார்டு நல்ல கார்டு. மோசமானது என்ன செய்யும் தெரியுமா? தேய்ந்து முடிந்ததும் எழுத முடியாதபடி தன்னையே பூட்டிக்கொள்ளும். சில கேமராக்களுக்கு அது தெரியாது. திரையில் சிவப்புப் புள்ளி வழக்கம்போல மின்னிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் விபத்து நடந்து மறுநாள் கார்டைக் கொண்டுவருவார். கணினியில் போட்டால் எல்லாம் திறக்கும், படம் தெளிவாக ஓடும், ஆனால் கடைசிக் கோப்பின் தேதி மூன்று மாதத்துக்கு முந்தையது. ஃபார்மேட் கொடுத்தால் "முடிந்தது" என்று வரும். வெளியே எடுத்துத் திரும்பச் செருகினால் அழித்த கோப்புகள் அத்தனையும் அதே இடத்தில் இருக்கும். இதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவன் நான்.

நீங்கள் சொல்லும் "தேய்மானம் பாதி" இரண்டு கார்டிலும் ஒரே தரமான சிப் இருந்தால்தான் உண்மை. சாதாரண கார்டில் உள்ளே என்ன சிப் என்று உறையில் இருக்காது, அதே பெயரில் அடுத்த முறை வாங்கும்போது வேறு சிப் இருக்கலாம். ஒரு செல்லில் மூன்று பிட்டும் நான்கு பிட்டும் திணிக்கும்போது இடம் பெருகும், ஆயுள் குறையும். இன்னொன்றும் பாருங்கள். பல சாதாரண கார்டுகளின் உத்தரவாதத் தாளில் டேஷ்கேம் போல இடைவிடாமல் பதியும் வேலைக்குப் பொறுப்பில்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதைச் செய்தவரே அந்த வேலைக்கு வேண்டாம் என்கிறார்.

ஜூரோங் கணக்கு

உத்தரவாத விஷயம் நியாயம்தான். தேதி பார்க்கும் விஷயமும் நியாயம். ஆனால் அது எந்தக் கார்டுக்கும் பொருந்தும். வாரம் ஒருமுறை போன் செயலியில் கடைசிக் கோப்பின் தேதியைப் பார்த்துவிட்டால் போதும், ஒரு நிமிட வேலை. அதைச் செய்கிறவருக்குக் கார்டு திடீரென்று சாகும் பயம் பாதியாகக் குறையும். ஐந்து மணி நேரப் பிரச்சினைக்குத்தான் உங்களிடம் இன்னும் பதில் இல்லை.

தேக்கா லாரி

இரண்டு பேரும் கார்டையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பதிவைக் குறைத்தால் இரண்டு பேருக்குமே சண்டை போட விஷயம் இருக்காது. காணொளியைச் சுருக்கும் முறை எச்.264இல் இருந்தால் எச்.265க்கு மாற்றச் சொல்லுங்கள். ஏறக்குறைய அதே தெளிவுக்குப் பாதி அளவு போதும். பின் கேமராவுக்கு 'குறைந்த பிட்ரேட்' (வினாடிக்குப் பதியும் அளவு) வையுங்கள். முன்னால் 4கே எதற்கு? 1440பியே தாராளம். 55 மெகாபிட் 28 ஆகிவிடும். 128 ஜிபியிலேயே பத்து மணி நேரம் நிற்கும்.

செங்காங் ஸ்டீயரிங்

எச்.265 சரி. 4கேயை விட்டுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை அங்கிள். இடித்துவிட்டு நிற்காமல் போகிற வண்டியின் எண் தெரியாவிட்டால் அந்தக் காணொளியை வைத்து என்ன செய்வது? பக்கத்துத் தடத்துக்கு அடுத்த தடத்தில் போகும் காரின் எண்ணைப் பகலில் 4கேயில் நிறுத்திப் பார்த்தால் படிக்கலாம். குறைந்த தெளிவில் அந்த இடத்தில் வெள்ளைக் கோடுதான் தெரியும்.

தேக்கா லாரி

பகலில் சரிம்மா. இரவில்? மழை பெய்யும் இரவில் பீகேஇ விரைவுச்சாலையில் எதிர்விளக்கு அடிக்கும்போது 4கேயும் ஒன்றுதான் 1080பியும் ஒன்றுதான். வெளிச்சம் போதாமல் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருப்பதால் எண் இழுபட்டுவிடுகிறது. அதற்குப் பிக்சல் உதவாது, சென்சார் நன்றாக இருக்க வேண்டும். வெளிச்சத்தையும் இருட்டையும் சமன்செய்யும் எச்டிஆர் இருந்தால் முன்னால் போகும் காரின் எண் விளக்கு வெளிச்சத்தில் வெளுத்துப் போகாமல் இருக்கும். முன்கண்ணாடியை உள்பக்கம் துடைத்தாலே பாதி வித்தியாசம் தெரியும், அதை ஒருவரும் செய்வதில்லை.

செங்காங் ஸ்டீயரிங்

இரவைப் பற்றி நீங்கள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஈசூன் அண்ணன் பகலிலும் ஓட்டுகிறாரே. முன்னால் 4கே எச்.265 'நடுத்தர' பிட்ரேட், பின்னால் 1080பி 'குறைவு'. என் வாக்கு இதற்குத்தான். அப்புறம் நேர மண்டலம் ஜிஎம்டி+8 என்று இருக்கிறதா, ஜிபிஎஸ் நேரத்தைச் சரிசெய்கிறதா என்று பாருங்கள். விளக்குகள் படத்தில் மினுக்காமல் இருக்க ஒளிர்வுத் தடுப்பை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நேரம் தப்பாக இருக்கும் காணொளியைக் கொடுத்தால் காப்புறுதிக்காரர் முதல் கேள்வியே அதில்தான் கேட்பார்.

ஈசூன் ஓட்டுநர்

கோப்பின் நீளம் எவ்வளவு வைப்பது? இப்போது மூன்று நிமிடத்தில் இருக்கிறது.

தேக்கா லாரி

ஒரு நிமிடம். மோதலில் மின்சாரம் துண்டித்துப் போனால், அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு மூடப்படாமல் கெட்டுப்போகலாம். எம்பி4 கோப்பில் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதுகிறார்கள், அது இல்லாமல் திறக்காது. ஒரு நிமிடக் கோப்பு என்றால் அதிகம் போனால் ஒரு நிமிடம்தான் போகும். டிஎஸ் வடிவில் பதியும் கேமராவாக இருந்தால் அந்தப் பயமும் குறைவு, பாதியில் அறுந்தாலும் அதுவரை இருப்பது ஓடும்.

உபி பட்டறை

நான் இதில் வேறு பக்கம். மலிவான கேமராக்களில் ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒரு விநாடி விழுந்துவிடுகிறது. ஒரு நிமிடம் வைத்தால் மணிக்கு அறுபது இடத்தில் அந்த ஓட்டை. மூன்று நிமிடம் வைத்தால் இருபது. கேமராவில் கொஞ்சம் மின்சாரம் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் நல்ல நிலையில் இருந்தால் மின்சாரம் போன பிறகும் கோப்பை மூடிவிட்டுத்தான் அணையும். அதனால் மூன்று நிமிடத்தை மாற்ற வேண்டாம்.

தேக்கா லாரி

கெப்பாசிட்டர் நல்ல நிலையில் இருந்தால்! துவாஸில் திறந்தவெளியில் நாள் முழுக்க நிற்கிற லாரியில் என்ன நிலையில் இருக்கும்? மத்தியானம் கார்டைக் கழற்றினால் விரலில் வைத்திருக்க முடியாது. லித்தியம் பேட்டரி வைத்த கேமரா அந்தச் சூட்டில் உப்பிவிடும், அதை மட்டும் வாங்கவே கூடாது. தம்பி, உங்கள் இரண்டு கோப்புகளை அடுத்தடுத்து ஓட்டி, நேரம் விட்டுப்போகிறதா என்று பாருங்கள். விட்டுப்போகவில்லை என்றால் ஒரு நிமிடம் வையுங்கள்.

நிறுத்திய பிறகும் பதிவு செய்யும் வசதி வைத்திருக்கிறீர்களா? அது முழு வேகத்தில் ஓடினால் இரவெல்லாம் கார்டு தேயும், பகல் பதிவும் அழியும். இடைவெளி விட்டுச் சில படங்களை மட்டும் பதியும் டைம்லாப்ஸில் வையுங்கள். கார் பேட்டரி 12.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கேமரா தானே அணையும்படி செட்டிங் இருக்கும். காலையில் வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய வருமானம் போச்சு.

ஜூரோங் கணக்கு

தேக்கா அங்கிள் சொன்ன சுருக்கத்தோடும் செங்காங் சிஸ்டர் சொன்ன 4கேயோடும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்னால் 25, பின்னால் 8 என்று வைத்தால் 33 மெகாபிட், மணிக்கு 15 ஜிபி. 128இல் எட்டு மணி நேரம். 256இல் பதினேழு. விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள், இல்லையென்றால் அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பொதுக் காப்புறுதிச் சங்கத்தின் நடைமுறை. எதிராளி தன் கதையை அந்த அவகாசத்தில் எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். ஆகவே நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டுகிறவருக்கு எட்டு மணி நேரம் போதாது. என் பேச்சில் மாற்றமில்லை, 256.

உபி பட்டறை

256 வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண 256 இல்லை, எண்டியூரன்ஸ் 256. கொஞ்சம் வெள்ளி கூடும். முழுநேரம் ஓட்டுகிறவருக்கு அது ஒரு நாள் பெட்ரோல் காசு. கேமரா 256 வரை ஏற்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், கணினியில் வேண்டாம். சில கேமராக்களுக்குக் கோப்பு முறை ஃபேட்32 வேண்டும், சிலவற்றுக்கு எக்ஸ்ஃபேட், அதை அதுவே பார்த்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை அதே மாதிரி ஃபார்மேட் செய்யுங்கள்.

இன்னொரு விஷயம். உள்பக்கம் பார்க்கும் கேமராவும் போடலாம் என்று யாராவது சொன்னால், வாடகைக் காருக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். வெளியே பார்க்கும் இந்த இரண்டுக்கும் வேண்டாம்.

ஜூரோங் கணக்கு

எண்டியூரன்ஸ் 256க்கு நான் எதிர்ப்பு சொல்லவில்லை. கூடுதல் காசு அவருடையது, முடிவும் அவருடையது. ஆனால் எந்தக் கார்டாக இருந்தாலும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். 256 என்று காட்டிக்கொண்டு உள்ளே 32 மட்டும் இருக்கும் போலிகள் உண்டு. டேஷ்கேமில் அது கண்டுபிடிக்கவே முடியாத மோசடி. 32 நிறைந்ததும் எழுதுவதெல்லாம் காற்றில் போகும், கேமரா எல்லாம் இருப்பதாகவே காட்டும். வாங்கியதும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலோ லினக்ஸிலோ எஃப்3 என்ற சோதனை மென்பொருளைப் போட்டுக் கார்டு முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். பிழையில்லை என்று வந்த பிறகு கேமராவில் செருகுங்கள்.

ஈசூன் ஓட்டுநர்

சரி, எண்டியூரன்ஸ் 256தான். முன்னால் 4கே எச்.265 நடுத்தரம், பின்னால் குறைவு, சென்சார் குறைவு, டைம்லாப்ஸ். கோப்புகளுக்கு இடையில் ஓட்டை இருக்கிறதா என்று இன்று இரவே பார்த்துவிடுகிறேன். கார்டு முழுக்க எழுதிப் படிக்கும் அந்தச் சோதனைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஜூரோங் கணக்கு

வினாடிக்கு 30 மெகாபைட் எழுதினால் இரண்டரை மணி நேரத்துக்குள் எழுதி முடியும், படித்துப் பார்க்க இன்னும் ஒரு மணி நேரம். தூங்கப் போகும்போது போட்டுவிட்டுப் போங்கள் அண்ணே, காலையில் பார்க்கலாம்.

தேக்கா லாரி

பழைய கார்டைத் தூக்கி எறியுங்கள், உதிரியாக வைத்துக்கொள்ள அது உதவாது. உதிரிக்கு நல்ல 64 ஜிபி ஒன்று டேஷ்போர்டு பெட்டியில் இருக்கட்டும், ஜோகூர் பக்கம் போனாலும் கையில் இருக்கும். சம்பவம் நடந்தால் கேமராவை முதலில் அணைத்துவிட்டு அப்புறம் கார்டைக் கழற்றி உதிரியைச் செருகுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது உருவினால் வேண்டிய கோப்பே கெட்டுப்போகும்.