புதுப்பிப்பு: நூல் சிக்கிய மிஷினும் ஒட்டுத்துணிப் போர்வையும்

ஏற்காட்டில் அம்மாவின் மிதி மிஷின் துணியின் அடிப்பக்கம் நூலைக் கொத்தாகச் சுருட்டுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அடிநூல் சுற்றிய உருளையை வைக்கும் சின்னக் கூடான பாபின் கேஸை மாற்றச் சொல்லிப் பலர் சொன்னீர்கள். அதற்குத் தேவை வரவில்லை. அடியில் நூல் சுருண்டால் பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே பஞ்சு அடைந்திருந்தது. துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துபாதத்தைத் தூக்கிவிட்டு, தட்டுகளுக்கிடையே மெல்லிய துணிப்பட்டை ஒன்றை இழுத்ததும் அழுக்குப் பஞ்சு உருண்டு வந்தது. அப்புறம் புது ஊசி, 16-ஆம் எண். போர்வையின் மூன்றடுக்குத் துணிக்கு மெல்லிய 11-ஆம் எண் ஊசி தாங்காது. தையல் இப்போது அவ்வளவு அழகு!

மலை ஈரத்தில் தளர்ந்த, மிஷின் சக்கரத்தைச் சுற்றும் தோல் பெல்ட்டையும் கொஞ்சம் வெட்டிக் கொக்கி மாட்டியாயிற்று.

போர்வைக்கு, சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊரின் பட்டுச் சேலைத் துண்டுகள், அப்பாவின் பழைய வேட்டி. பட்டு வழுக்கும், ஓரம் பிரியும். அதனால் ஒவ்வொரு பட்டுத் துண்டுக்கும் பின்னால் மெல்லிய பருத்தி வைத்துத் தைத்தேன். தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். பட்டுக்கு மட்டும் கூடுதல். கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில் வேட்டி வெள்ளை வந்தால் கண்ணுக்கு எத்தனை இதம்!

நடுப்பகுதி முடிந்தது. சுற்றுப்பட்டி பாக்கி, அதற்கு வேட்டிக் கரையையே எடுத்து வைத்திருக்கிறேன்.