"காற்றை மட்டும் நம்பி அண்டார்டிகா": டிரேக்கில் எஞ்சின் ஓடுமா, ஓடாதா?

கப்பல்பித்தன்:
ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் பயணம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பார்க் யூரோப்பா என்று மூன்று பாய்மரம் கொண்ட கப்பல், நெதர்லாந்துக் கொடி. அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் ஏறினால் தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் கிடக்கும் டிரேக் நீரிணையைக் கடந்து அண்டார்டிக் தீபகற்பம் வரை போய், ஏறக்குறைய 22 நாளில் திரும்பலாம். அங்கே பயணியும் வேலைக்காரன்தான். முறை வைத்துச் சுக்கான் பிடிக்க வேண்டும், கயிறு இழுக்க வேண்டும், துணிச்சல் இருந்தால் பாய்மரம் ஏறிப் பாய் சுருட்டலாம். எஞ்சின் சத்தமே இல்லாமல், காற்றை மட்டும் நம்பி அண்டார்டிகா போகும் கப்பல் இந்தக் காலத்திலும் இருக்கிறது என்று நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

ஓய்வுபெற்ற சீஃப்:
கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அது பொய். அந்தக் கப்பலில் இரண்டு டீசல் எஞ்சின் இருக்கிறது. 31 வருஷம் எஞ்சின் ரூமில் வெந்தவன் சொல்கிறேன், கப்பலில் எஞ்சினை யாரும் அழகுக்கு வைப்பதில்லை. டிரேக்கில் எஞ்சின் ஓடுமா, ஓடாதா? இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.

கப்பல்பித்தன்:
சார், அவசரத்துக்கு வைத்திருப்பார்கள். அதற்காகப் பொய் என்பதா?

ஓய்வுபெற்ற சீஃப்:
அவசரத்துக்கா? உஷுவாயா இருப்பது பீகிள் கால்வாயில். அது கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அந்தப் பக்கம் வருஷம் முழுக்க மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. திரும்பும்போது கிழக்கு வாயில் வழியாக நுழைந்து மேற்கே போக வேண்டும், அதாவது காற்றின் வாய்க்குள்ளேயே. பாய்மரத்தின் குறுக்கே கிடக்கும் பருமல் என்ற கட்டையில் சதுரப் பாய் கட்டிய கப்பல் காற்று வரும் திசைக்கு 60 டிகிரிக்குள் நெருங்கவே திணறும். அந்தக் குறுகலான கால்வாயில் இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டிப் போவார்களா? சாவியைத் திருப்பி எஞ்சினைப் போடுவார்கள். தினமும் நடப்பதற்குப் பெயர் அவசரமா?

வாடைக்காற்று:
சீஃப் சார், நீங்கள் கேட்டது டிரேக். பதில் சொன்னது பீகிள். டிரேக்கில் தெற்கே இறங்கும்போது அதே மேல்காற்று கப்பலின் பக்கவாட்டில் வருகிறது. சதுரப் பாய்க்கு அது நல்ல காற்று. தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்னிலிருந்து அண்டார்டிகா பக்கத்துத் தெற்கு ஷெட்லாண்ட் தீவுகள் வரை ஏறக்குறைய 800 கிலோமீட்டர். அதைப் பாயிலேயே ஓட்ட முடியும், ஓட்டுகிறார்கள்.

நான் அந்தக் கப்பலில் போனதில்லை. வட அட்லாண்டிக்கில் வேறொரு மூன்று மரக் கப்பலில் இரண்டு வாரம் வேலை செய்த பயணியாகப் போனேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி மேலே ஏற்றினார்கள். பருமலின் கீழே தொங்கும் கயிற்றில் கால், வயிறு பருமல் மேல், இரண்டு கையாலும் பாயை அள்ள வேண்டும். நனைந்த பாய் குளிரில் பலகை மாதிரி விறைத்திருந்தது. விரலால் பிடிக்க முடியாது, முஷ்டியால் குத்தி மடிப்பு உண்டாக்கித்தான் பிடிக்க வேண்டும். துறைமுகத்தை விட்டு வந்ததும் எஞ்சினை நிறுத்திய நிமிஷம் இன்னும் நினைவிருக்கிறது. மேசையில் அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த தேநீர்க் குவளை சட்டென்று நின்றது. அப்புறம் தண்ணீர் பலகையில் உரசும் சத்தம் மட்டும். அதைக் கேட்டவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற சீஃப்:
நிறுத்தினார்கள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். ஓடாத எஞ்சினை எப்படி அம்மா நிறுத்துவது? துறைமுகத்திலிருந்து உங்களை வெளியே கொண்டுவந்தது யார்? கீழே 45 டிகிரி வெக்கையில் பம்ப் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, தாங்கி சூடாகிறதா என்று தொட்டே கண்டுபிடிக்கிறவன். அவனை யாரும் படம் எடுப்பதில்லை. எல்லாப் படத்திலும் பாய்தான். இதுதான் என் ஆதங்கம்.

தோணிக்காரன் பேரன்:
சீஃப் சார், நாங்கள் தூத்துக்குடி. என் தாத்தா சரக்குத் தோணியில் கொழும்புக்கு ஓடியவர், பாயை மட்டும் நம்பி. கச்சான் எப்போது எழும், வாடை எப்போது திரும்பும் என்று வானத்தைப் பார்த்தே சொல்வார். பிற்பாடு தோணிக்கு எஞ்சின் வைத்தார்கள். அதற்காகத் தோணியைத் தோணி இல்லை என்று யாரும் சொல்லவில்லையே.

ஓய்வுபெற்ற சீஃப்:
தம்பி, தோணிக்கு எஞ்சின் வைத்த பிறகு "காற்றை மட்டும் நம்பி கொழும்பு போகிறோம்" என்று உங்கள் தாத்தா சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டார், உழைத்த மனுஷர். நான் பெயரைக் கேட்கவில்லை. டிரேக்கில் எஞ்சின் ஓடுமா, ஓடாதா?

துருவன்:
முதலில் பாய்க்கப்பல் பயணம் என்றால் எது என்று பேசித் தீர்த்துக்கொள்ளலாமே. எஞ்சினே இல்லாததா, இருந்தும் பெரும்பாலும் பாயில் ஓடுவதா, பாய் வைத்த சொகுசுக் கப்பலா? ராயல் கிளிப்பரையும் இதையும் ஒரே பெயரில் சொல்வதில்தான் குழப்பமே.

வாடைக்காற்று:
ராயல் கிளிப்பரை இங்கே இழுக்காதீர்கள். 2000இல் ஓட ஆரம்பித்தது, ஐந்து மரம், 42 பாய், 227 பயணி. சதுரப் பாய்களைப் பொத்தானை அழுத்திச் சுருட்டலாம். நீச்சல் குளம் வேறு. நான் சொல்வது கையில் தழும்பு விழும் பயணம்.

கப்பல்பித்தன்:
ராயல் கிளிப்பருக்கு முன்மாதிரி 1902இல் கட்டிய ஜெர்மன் கப்பல் பிராய்சன். அதற்கும் ஐந்து மரம், ஓட்டுவதற்கு எஞ்சினே கிடையாது. சரக்கு ஏற்றிக்கொண்டு கேப் ஹார்னையே சுற்றி ஓடியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள் சீஃப் சார்?

ஓய்வுபெற்ற சீஃப்:
1910இல் அது என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். ஆங்கிலக் கால்வாயில் மோதி, டோவர் பக்கம் பாறையில் ஏறி உடைந்தது. ஓர் எஞ்சின் இருந்திருந்தால் தப்பியிருக்கும்.

வாடைக்காற்று:
மோதியது யார்? பிரைட்டன் என்ற நீராவிக் கப்பல். பாய்க்கப்பல்தானே, மெதுவாகத்தான் வரும் என்று தப்புக் கணக்குப் போட்டு குறுக்கே புகுந்தது. எஞ்சின்காரர்களின் அந்த மிதப்பு நூறு வருஷம் கழித்தும் மாறவில்லை.

ஓய்வுபெற்ற சீஃப்:
மிதப்பு இல்லை அம்மா, கணக்கு. அண்டார்டிக் வீரர்கள் என்று நீங்கள் எல்லாரும் கொண்டாடுகிறவர்களின் கப்பல்களைப் பாருங்கள். ஷாக்கில்டனின் எண்டியூரன்ஸ்: மூன்று மரம், கூடவே நிலக்கரி எஞ்சின். அமுண்ட்சென் தென்துருவத்துக்குப் போன ஃப்ராம்: 1910இல் டீசல் எஞ்சின் வைத்துக்கொண்டுதான் கிளம்பியது. அவர்களே காற்றை மட்டும் நம்பவில்லை.

வாடைக்காற்று:
எஞ்சின் வைத்திருந்த எண்டியூரன்ஸ் பனியில் நசுங்கி 1915இல் மூழ்கிவிட்டது. அப்புறம் 1916இல் ஆறு பேர் ஜேம்ஸ் கெய்ர்ட் என்ற ஒரு சின்னப் படகில் பாய் கட்டி, உதவி தேடி எலிஃபன்ட் தீவிலிருந்து தெற்கு ஜார்ஜியாவுக்கு ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் போனார்கள். இருபத்தெட்டுப் பேர் உயிரும் அந்தப் பாயில்தான் தொங்கியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஓய்வுபெற்ற சீஃப்:
பாதிக் கதை. எலிஃபன்ட் தீவில் மீதி 22 பேர் காத்திருந்தார்களே, ஆகஸ்ட் 30ஆம் தேதி அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது எது? சிலி நாட்டின் யெல்ச்சோ. நீராவிக் கப்பல். இதை ஏன் விட்டீர்கள்?

வல்வை மைந்தன்:
ஐரோப்பியரின் கப்பல்களைப் பற்றியே எல்லோரும் கதைக்கிறீர்கள். வல்வெட்டித்துறையில் எங்கள் ஆட்கள் கட்டிய அன்னபூரணியை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 1938இல் வல்வை மாலுமிகள் அதில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இந்தக் கதை தெரியும். இங்கே ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

தோணிக்காரன் பேரன்:
பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் விற்ற பிறகு அதன் பெயரையே மாற்றிவிட்டார்களே. எங்கள் தோணி கடைசி வரை எங்கள் பெயரிலேயே ஓடியது.

வல்வை மைந்தன்:
பெயரை மாற்றினால் கட்டிய கை மாறிவிடுமா? கொழும்புக்குப் போய் வருவதையும் அட்லாண்டிக் கடப்பதையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

தோணிக்காரன் பேரன்:
என் தாத்தாவின் தொழிலைக் குறைத்துப் பேச வேண்டாம். சோழகக் காற்று அடிக்கும்போது மன்னார் வளைகுடாவில் ஒரு நடை போய் வந்துவிட்டுச் சொல்லுங்கள்.

துருவன்:
நான் கேட்டதை யாரும் கண்டுகொள்ளவில்லை. போகட்டும். எனக்கு எஞ்சின் முக்கியமில்லை, ஆள் எண்ணிக்கைதான் முக்கியம். அண்டார்டிகாவில் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது. 500 பயணிக்கு மேல் ஏற்றும் கப்பல் யாரையுமே இறக்க முடியாது. யூரோப்பாவில் பயணிகள் 48 பேர்தான். எல்லோரும் ஒரே தடவையில் இறங்கி, பூட்ஸைக் கழுவி, பென்குயினுக்கு ஐந்து மீட்டர் தள்ளி நின்று நிதானமாகப் பார்க்கலாம். பெரிய கப்பலில் உங்கள் முறை வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் சென்னையிலிருந்து உஷுவாயாவுக்கு விமானத்தில் போய்விட்டு, நான் காற்றில் போனேன் என்று யாரும் பசுமைப் பாட்டுப் பாட வேண்டாம்.

கப்பல்பித்தன்:
நான் எங்கே பசுமை என்று எழுதினேன்? ஒருத்தன் ஆசைப்பட்டு நாலு வரி எழுதினால் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறீர்கள். காசு சேர்க்கிறேன், போகத்தான் போகிறேன்.

ஓய்வுபெற்ற சீஃப்:
தாராளமாகப் போங்கள். தம்பி துருவன் கரையிறங்குவதைப் பற்றிச் சொன்னாரே, கப்பலிலிருந்து கரைக்கு எதில் போவீர்கள்? ரப்பர் படகில். அதன் பின்னால் தொங்குவது என்ன? மோட்டார். லெமேர் கால்வாய் மாதிரி இரண்டு பக்கமும் மலை, நடுவில் மிதக்கும் பனிக்கட்டி, காற்று எங்கிருந்து திரும்பும் என்றே தெரியாத இடத்தில் எந்தப் பொறுப்பான கேப்டனும் எஞ்சினைத் தயாராக வைத்திருப்பான். நம் கடற்படையின் தரங்கிணி 2003-04இல் உலகைச் சுற்றி வந்த பாய்க்கப்பல். அதிலும் எஞ்சின் உண்டு. அதைச் சொல்ல அவர்கள் வெட்கப்பட்டதில்லை.

வாடைக்காற்று:
சரி, 2020ஐ எடுத்துக்கொள்வோம். கொரோனா வந்து துறைமுகங்கள் எல்லாம் மூடிக்கொண்டன. மாற்று ஆட்கள் வர வழியில்லை. யூரோப்பாவின் 19 பேர் மார்ச் கடைசியில் உஷுவாயாவிலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் 81 நாளில் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கன் போய்ச் சேர்ந்தார்கள். தெற்கு அட்லாண்டிக், வடக்கு அட்லாண்டிக் இரண்டையும் தாண்டி ஏறக்குறைய 10,000 கடல்மைல். 1911இல் ஜெர்மனியின் எல்பே ஆற்று முகத்தில் கலங்கரை விளக்கம் மாதிரி வழிகாட்டும் விளக்குக் கப்பலாக நிற்பதற்குக் கட்டிய உடல் அது. 1994இல்தான் மூன்று மரம் நட்டுப் பாய்க்கப்பல் ஆக்கினார்கள். அந்த 81 நாளும் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா?

ஓய்வுபெற்ற சீஃப்:
தெரிகிறது, கும்பிடுகிறேன். அந்த 19 பேரில் எஞ்சின் பார்ப்பவனும் ஒருவன் என்பதை மறக்காதீர்கள். விளக்கு எரிந்தது, தண்ணீர் சுத்தமானது, ரேடார் சுற்றியது. நிலநடுக்கோட்டுப் பக்கம் காற்று செத்துக் கிடக்கும் பகுதியில் என்ன செய்திருப்பார்கள் என்று யோசியுங்கள். ஆனால் நான் கேட்டது 2020ஐப் பற்றி இல்லை. பயணி காசு கொடுத்துப் போகும் அந்த 22 நாளில், டிரேக்கில் எஞ்சின் ஓடுமா, ஓடாதா?

வாடைக்காற்று:
காற்று இருந்தால் ஓடாது.

ஓய்வுபெற்ற சீஃப்:
இல்லாவிட்டால்?

வாடைக்காற்று:
டிரேக்கில் காற்று இல்லாவிட்டால் என்று கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான் சார்.

ஓய்வுபெற்ற சீஃப்:
டிரேக் குளம் மாதிரி கிடந்த நாட்களை நானே பார்த்திருக்கிறேன். வருஷம் முழுக்கப் புயல் என்பது போகாதவர்கள் கட்டும் கதை. நான் சரக்குக் கப்பலில் கேப் ஹார்னைச் சுற்றியவன். நீங்கள் டிரேக்கில் கால் வைத்ததில்லை.

வாடைக்காற்று:
நீங்கள் சுற்றினீர்கள், கீழே ஜன்னல் இல்லாத அறையில். காற்றை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

ஓய்வுபெற்ற சீஃப்:
இந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன்.

வல்வை மைந்தன்:
அன்னபூரணியைப் பற்றி எழுதியதற்கு ஒருவரும் மறுமொழி தரவில்லை.

தோணிக்காரன் பேரன்:
நான் தந்தேனே.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். "ஜன்னல் இல்லாத அறை" பதிவு மூன்று பேரின் புகாருக்குப் பிறகும் இருக்கிறது, ஏனென்றால் அது விதியை மீறவில்லை.

ஓய்வுபெற்ற சீஃப்:
மூன்று பேர் இல்லை, புகார் கொடுத்தது நான் ஒருவன்தான். மூன்று தடவை கொடுத்தேன்.

கப்பல்பித்தன்:
தலைப்பைத் திருத்திவிட்டேன்: "பெரும்பாலும் காற்றை நம்பி அண்டார்டிகா". உள்ளே எழுதியதை மாற்ற மாட்டேன். அது என் ஆசை, அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற சீஃப்:
"பெரும்பாலும்" என்றால் எத்தனை மணி நேரம்? எஞ்சின் ரூம் நாட்குறிப்பில் ஓடிய மணிக்கணக்கு இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். அதுவரை நான் இங்கேயேதான் இருப்பேன்.