புதுப்பிப்பு: காவேரிப்பட்டணத்து அக்காவைக் கண்டேன்

தாத்தாவின் ஒன்றுவிட்ட தம்பியுடைய பேத்தி, பதினேழு வயதில் பெற்றோர் இருவரையும் ஒரே மழையிரவில் சுவர் இடிந்து இழந்தபின் என்ன ஆனார் என்று முன்பு கேட்டிருந்தேன். அவர் நலமாக இருக்கிறார்.

அவர் தந்தையின் 1963ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில் மாவட்டம் சேலம் என்றிருந்ததால், வேறு யாருடையதோ என்று நான் ஒதுக்கியிருந்தேன். தருமபுரி 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, அதிலிருந்து, காவேரிப்பட்டணம் இப்போது இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் பிரிந்தது என்பது நினைவுக்கு வந்த பிறகே தேடல் நகர்ந்தது. பழைய ஆவணம் தேடுவோர் இதை மறக்க வேண்டாம்.

பத்திரத்திலிருந்த அரை ஏக்கரில் மல்பெரி நட்டு, பட்டுப்புழு வளர்த்தே தம்பிகள் இருவரையும் படிக்க வைத்திருக்கிறார். நான்கு முறை தோலுரிக்கும் அந்தப் புழு, கடைசிப் பருவத்தில்தான் தன் மொத்தத் தீனியில் பெரும்பகுதியைத் தின்னும் என்பதால், அந்த நாட்களில் இரவிலும் எழுந்து தழை போட்டு, கூடு கட்டச் சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் விட்டு, பிறகு கூடுகளை மூட்டையாகக் கட்டித் தருமபுரி அங்காடிக்குப் பேருந்தில் தனியே கொண்டு போயிருக்கிறார்.

"அழறதுக்கும் நேரம் பார்த்துத்தான் அழுதேன், கண்ணு. புழு தழைக்குக் காத்திருக்குமா?" என்றார்.

அவரிடம் பெற்றோரின் புகைப்படம் ஒன்றுகூட இல்லை. எங்கள் தாத்தாவின் திருமணப் படத்தில் அவர்கள் நிற்கிறார்கள்; அதன் பிரதியோடு வரும் ஞாயிறன்று மீண்டும் செல்கிறேன்.