புதுப்பிப்பு: ரீப்பரில் குரல் தாமதம் சரியாகிவிட்டது

ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பாடிப் பதியும்போது என் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்கிறது, காசு கொடுத்து வாங்கிய வழிகாட்டியிலும் விடை இல்லை, இன்னொன்று வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாங்கவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது.

ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரைத்தான் நான் சந்தேகப்பட்டேன். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) எடுக்கும்போது, பஃபர் 1024 சாம்பிள் என்றால் அதுவே சுமார் 21 மில்லிசெகண்ட். 128க்குக் குறைத்தேன், அப்படியும் தாமதம் போகவில்லை. அப்போதுதான் இங்கே ஒருவர், "மாஸ்டரில் என்னென்ன ப்ளகின் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். மாஸ்டர் என்றால் எல்லா ட்ராக்கும் கடைசியில் சேரும் இடம்; ப்ளகின் என்றால் ஒலியை மாற்றும் துணை மென்பொருள். அங்கே லீனியர் ஃபேஸ் ஈக்யூ (ஒலியின் தாழ், உயர் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ப்ளகினில் ஒரு வகை) ஒன்று இருந்தது. அந்த வகை ஈக்யூ நிறைய சாம்பிள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வேலையே தொடங்கும். ப்ளகின்களால் வரும் தாமதத்தைக் காட்டும் ரீப்பரின் பெர்ஃபார்மன்ஸ் மீட்டரைத் திறந்து பார்த்தால், தாமதம் 4096 சாம்பிள், அதாவது 85 மில்லிசெகண்ட்! பதியும் நேரத்தில் மட்டும் அதை அணைத்து வைக்கிறேன். குரல் உடனே கேட்கிறது. கேட்டவருக்கு மனமார்ந்த நன்றி.

வழிகாட்டி வீண் என்று சொல்ல மாட்டேன். ரூட்டிங் (ஒலியை எங்கிருந்து எங்கே அனுப்புவது), ஆட்டோமேஷன் (ஒலி அளவு போன்றவை பாட்டின் போக்கில் தானாக மாறுவது) எல்லாம் வரிசையாகப் புரிந்தது அதில்தான். ஆனால் ரீப்பரின் முழுக் கையேடு அதன் தளத்திலேயே இலவச பிடிஎஃபாகக் கிடைக்கிறது என்று முன்பே தெரிந்திருந்தால் அதைத்தான் முதலில் படித்திருப்பேன். அந்தக் காசை ரீப்பரின் 60 டாலர் உரிமத்துக்கு வைத்திருக்கலாம்.

அப்புறம், உதவி கேட்பவர்கள் டிரைவர் (ஒலிக் கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்), பஃபர் அளவு, ப்ளகின் பட்டியல் மூன்றையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். நான் எழுதாததால் மூன்று நாள் வீணானது.