மேல்மாடிக்கு லேன் கேபிள்: பாதி விலைப் பெட்டியை எடுக்கலாமா?

கல்லடிக்காரன்:
வணக்கம் அண்ணாமார். வீட்டுக்கு மேல்மாடி கட்டுகிறோம், அடுத்த கிழமை பூச்சு வேலை. ரவுட்டர் கீழே விறாந்தையில் இருக்கிறது, வைஃபை சிலாப்பைத் தாண்டி மேலே வருவதே இல்லை, அதனால் மூன்று அறைக்கும் வயர் இழுக்கலாம் என்று யோசனை. கேற்றடியில் ஒரு கமரா, பிறகு பின்வளவில் அக்கா வீட்டுக்கும் ஒன்று, அது 40 மீட்டர் வரும். டவுணில் ஒரு கடையில் 305 மீட்டர் பெட்டி, கேட் 6 (கேபிளின் தர வகை) என்று அச்சடித்திருக்கிறது, மற்றக் கடைகளின் விலையில் பாதிதான். சிநேகிதன் ஒருவன் கேட் 7 எடு என்கிறான். வயரிங் பாஸ் கரண்ட் பைப்புக்குள்ளேயே விட்டுவிடலாம் என்கிறார். என்ன செய்ய?

கல்முனை வயர்மன்:
தம்பி, பாதி விலை என்றால் அது பெரும்பாலும் சிசிஏ, அதாவது உள்ளே அலுமினியம், மேலே செப்புப் பூச்சு. ஒரு துண்டு கேட்டு வாங்கி, கம்பியை பிளேடால் நீளவாக்கில் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாக வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெட்டிய முனையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், கட்டர் அழுத்தும்போது செப்பு இழுபட்டு முனையை மூடிவிடும். அதே தடிப்பில் செப்பை விட மின்தடை ஒன்றரை மடங்கு வரும், உங்கள் கமராவுக்கு அதே கேபிளில்தான் கரண்டும் போகும் என்றால் சூடாகும், நாலு தரம் வளைத்தால் முறிந்தும் விடும். கேட் 7ஐ விடுங்கள், அதற்குரிய பிளக்கே வேறு, கடையில் சாதாரண லேன் பிளக்கான ஆர்ஜே45 பூட்டி விற்பது பெயருக்குத்தான்.

படுவான்கரை:
மேலே சொன்னது சரி, ஆனால் கேட் 6தான் வேண்டும் என்றும் இல்லை. நல்ல செப்பு கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (செக்கனுக்கு ஒரு கிகாபிட்) வேகம் தரும். கேட் 6 எடுத்தால் 55 மீட்டருக்குள் 10 ஜிபிபிஎஸ் கூடப் போகும், விலை வித்தியாசம் சின்னது என்றால் எடுங்கள். என்னைக் கேட்டால் காசைப் பைப்பில் போடுங்கள். கரண்ட் பைப்புக்குள் ஒருபோதும் விடாதீர்கள், 230 வோல்ட்டோடு ஒரே குழாயில் போவது ஆபத்து. தனிப் பைப், கொஞ்சம் பெரிதாக, உள்ளே ஒரு இழுவைக் கயிறும் விட்டு வையுங்கள். நான் அதைச் செய்யாமல் பூசிவிட்டு, பிறகு ஒரு வயர் பழுதானபோது சுவரை உடைத்தேன், வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன். கேற்றடிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள்.

ஐப்பசி இடி:
அக்கா வீட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. இரண்டு வீட்டுக்கும் நடுவே செப்பு இழுக்காதீர்கள். இங்கே சித்திரையிலும் ஐப்பசியிலும் அடிக்கிற இடிக்கு, பக்கத்தில் விழுந்தாலே போதும், இரண்டு வீட்டு எர்த்தும் ஒன்றல்ல, அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் கேபிளால்தான் ஓடும். எங்கள் வளவில் ஒரே இரவில் ரவுட்டர், சுவிட்ச், டிவி மூன்றும் போனது. ஃபைபர் போட்டு இரண்டு பக்கமும் கன்வேர்ட்டர், அதாவது ஃபைபரின் ஒளியை லேன் சிக்னலாக மாற்றும் பெட்டி, வையுங்கள். கண்ணாடி இழையில் கரண்ட் ஓடாது. உள்ளே கம்பி வைத்த ஃபைபரும் இருக்கிறது, அதை எடுக்காதீர்கள்.

கல்லடிக்காரன்:
ஒரு முழம் கேட்டேன், கடைக்காரர் முறைத்துக்கொண்டே தந்தார். சுரண்டினால் வெள்ளை! விலை கூடினாலும் வேறு கடையில் செப்பு கேட் 6 எடுத்துவிட்டேன், பைப்பும் தனியாகப் போகிறது. அந்தக் கன்வேர்ட்டர் ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் சரிதானே?

ஐப்பசி இடி:
போகவும் வரவும் ஒரே இழை என்றால் இல்லை, ஒரு பக்கம் அனுப்பும் ஒளி நிறத்தைத்தான் மறுபக்கம் வாங்க வேண்டும். ஏ ஒன்று, பி ஒன்று, சோடியாகக் கேளுங்கள். இரண்டும் ஏ என்றால் லிங்க் லைட்டே எரியாது.